முதன்மை எண்ணுக்கு மட்டும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்கு இன்னும் பயமாக இருக்கும். இது ஒரு குறுஞ்செய்தியிலிருந்து வந்தது. அந்தக் குறுஞ்செய்தியை எழுதியதும் நான்தான்.

நான் ஒரு மொபைல் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். "அன்பு வாடிக்கையாளரே" என்று உங்கள் போனுக்கு வரும் செய்திகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். எங்கள் கம்பெனியில் அந்த யாரோ நான்தான். பத்தொன்பது வருடமாக எழுதுகிறேன். கதையும் எழுதுவேன். இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்து முந்நூறு பேர் படித்திருப்பார்கள், அதில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டவர்கள். கீழே இருப்பதையோ நாற்பத்தோராயிரம் பேர் படித்தார்கள்.

"அன்பு வாடிக்கையாளரே, உங்கள் குடும்பத் திட்டத்தில் 46 என முடியும் குழந்தை எண்ணில் மறைவழி வசதி 7 நாளாக இயங்குகிறது. இதனால் குடும்பக் காவல் சேவை வேலை செய்யாது."

(46 என்பது உண்மையான இலக்கம் இல்லை. இந்தக் கதையில் ஊர், கிழமை, தேதி, வேலை, உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். ஏதாவது ஓர் இடத்தில் "இது ரொம்பத் துல்லியமாக இருக்கிறதே" என்று தோன்றினால், அது பொய்யாக இருக்கும், அல்லது என்னைப் பற்றியதாக இருக்கும்.)

இதை அலுவலகக் கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறேன். கோப்புக்கு "பழைய வாழ்த்து வரைவுகள்" என்று பெயர் வைத்திருக்கிறேன். அந்தப் பெயரைப் பார்த்தால் எங்கள் மேலாளர் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

2

மறைவழி என்றால் என்னவென்று சொல்லாமல் மேலே போக முடியாது. எனக்கே அதைக் குழாய்தான் சொல்லிக்கொடுத்தார். குழாய் என்பது எங்கள் நெட்வொர்க் பிரிவின் தலைமைப் பொறியாளர். அந்தப் பெயர் வந்த கதை அவர் பேச்சிலேயே இருக்கிறது.

"முன்னாடி ஒரு போன்லேருந்து எந்தத் தளத்துக்குப் போறாங்கன்னு நமக்குத் தெரியும்," என்றார் வெள்ளைப் பலகையில் கோடு இழுத்தபடி. "இப்ப போன்லயே இந்த பிரைவேட் ரிலே வசதி வந்துடுச்சு. அதப் போட்டுட்டா, கிளம்புறது ரெண்டு கை மாறிப் போகும். முதல் கைக்கு ஆளு யாருன்னு தெரியும், எங்க போறாங்கன்னு தெரியாது. ரெண்டாவது கைக்கு எங்க போறாங்கன்னு தெரியும், ஆளு தெரியாது. நமக்கு என்ன தெரியும்? உள்ள ஏதோ ஓடுதுன்னு தெரியும். அவ்வளவுதான். நாம வெறும் குழாய்."

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த வசதி வந்த ஆறு மாதத்தில் எங்கள் சேவைகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன. பாட்டு கேட்டால் டேட்டா குறையாது என்று விற்ற திட்டத்தில் டேட்டா குறைந்தது, ஏனென்றால் கேட்பது பாட்டா வேறு ஏதாவதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மோசடித் தளங்களுக்கு நாங்கள் வைத்திருந்த தடுப்பை மக்கள் தடுப்பு இருப்பதே தெரியாமல் தாண்டிப் போனார்கள். குடும்பக் காவல்தான் எல்லாவற்றிலும் மோசம். குழந்தையின் எண்ணுக்குச் சில தளங்களைத் தடுப்போம், எந்தெந்தத் தளத்துக்குப் போனது என்று மாதம் ஒருமுறை பட்டியல் அனுப்புவோம். மறைவழி ஓடும் எண்ணில் தடுப்பும் கிடையாது, பட்டியலும் வெறுமை.

ஓர் அம்மா நேரே எங்கள் கவுண்டருக்கு வந்தார். அவருடைய பதினொரு வயது மகளிடம் ஒரு பெரிய ஆள் தன்னையும் பதினொரு வயது என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் பேசியிருக்கிறான். அந்தத் தளத்தை நாங்கள் தடுத்துத்தான் வைத்திருந்தோம். பள்ளித் தோழி யாரோ விளையாட்டாக மறைவழியைப் போட்டுக்கொடுத்திருக்கிறாள். "வேலை செய்யலன்னா வேலை செய்யலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் அந்த அம்மா. சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதனால்தான் அந்தச் செய்தி. எழுதியது நான், "மறைவழி" என்று பெயர் வைத்ததும் நான். தனிவழி என்று வைத்திருக்கலாம். அதில் குற்றவாசனை இருந்திருக்காது. எனக்கு அன்று மறைவழி அழகாக இருந்தது, கதை எழுதுகிறவள் புத்தி.

எழுதி முடித்ததும் படிவத்தில் ஒரு கேள்வி வரும். பெறுநர்: பயன்படுத்துபவரா, முதன்மை எண்ணா? குடும்பத் திட்டத்தை யார் பெயரில் வாங்கினார்களோ அவருடையது முதன்மை எண். பத்தொன்பது வருடமாக எல்லாச் செய்திகளையும் முதன்மை எண்ணுக்கே அனுப்பிப் பழகிய கை. வட்டத்தில் புள்ளி வைத்தேன். குழந்தை எண் என்றால் அங்கே குழந்தை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

3

அவளை எப்படிக் கொண்டுவருவது?

முதல் தொடக்கம்: "பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அமர்ந்திருந்த அவள், நோயாளிகள் இல்லாத நேரம் பார்த்து..." வேண்டாம். அவள் பல் மருத்துவமனையில் இல்லை. ஆனாலும் எங்கேயோ ஒரு பல் மருத்துவமனையில் ஒருத்தி இருப்பாள், அவள் கணவன் இதைப் படிப்பான்.

இரண்டாவது தொடக்கம்: "அவளுக்குப் பயம் என்றால் என்னவென்றே" (பொய். அடிக்கிறேன்.)

மூன்றாவது தொடக்கம் அவளுடைய குரலில் ஆரம்பிக்கட்டும். குரலை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை, ஏனென்றால் குரல் எழுத்தில் வராது.

வியாழக்கிழமை மத்தியானம் மிட்டாய் என்னைக் கூப்பிட்டாள். மிட்டாய் புகார்ப் பிரிவில் இருக்கிறாள். நாள் முழுக்கப் பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொள்ளும் என்பதால் வாயில் எப்போதும் ஒரு தொண்டை மிட்டாய். "அக்கா, உங்க மெசேஜ் பத்திதான் கேக்குறாங்க. எனக்குப் பதில் தெரியல," என்று ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினாள்.

"சொல்லுங்கம்மா," என்றேன்.

"மேடம், அந்த மறைவழி மெசேஜ் வராமப் பண்ண முடியுமா?"

"உங்களுக்கு வந்துச்சா?"

"எனக்கு இல்ல. எங்க அத்தானுக்கு வந்துச்சு, நேத்து. அக்கா பொண்ணு போனை அப்பவே புடுங்கி பீரோவுல வெச்சுட்டாரு. எனக்கும் அவதான் போட்டுக்கொடுத்தா, திங்கக்கிழமை, அக்கா வீட்டுக்குப் போனப்ப. ஏழாவது நாள் வருமாமே?"

"ஆமா. வேணாம்னா நீங்களே ஆஃப் பண்ணிடுங்க. செட்டிங்ஸ்ல..."

"ஆஃப் பண்ணா நான் பாக்குறதெல்லாம் லிஸ்ட்ல வந்துடுமே."

"வந்தா என்னம்மா?"

பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. (தையல் மிஷின் இல்லை. வேறொரு சத்தம்.)

"வீட்டுக்காரர் படிப்பாரு," என்றாள். "ஒண்ணாந்தேதி ஆனா உக்காந்து வரி வரியாப் படிப்பாரு. இது எதுக்குப் பாத்த, அது எதுக்குப் பாத்தன்னு. போன தடவை ஒரு லேடீஸ் ஹாஸ்டல் பேரு இருந்துச்சு. ஃப்ரெண்டுக்காகப் பாத்தேன்னு சொன்னேன்."

"நம்பிட்டாரா?"

"இல்ல மேடம்."

அந்த "இல்ல மேடம்" என்பதை அவள் சொன்ன விதத்தை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன். எழுத வரவில்லை. கடையில் சில்லறை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்வோமே, அப்படிச் சொன்னாள்.

திரையில் அவள் எண்ணுக்கு நேரே "குழந்தை" என்று இருந்தது. வயது கேட்டேன். முப்பத்தொன்று என்றாள்.

"அவர்தான் ஃபார்ம்ல அப்படிப் போட்டாரு. கடைக்காரர்கூடச் சிரிச்சாரு. இவரும் சேந்து சிரிச்சாரு."

"எவ்வளவு நாளைக்கு வேணும் உங்களுக்கு?"

"அவர் செவ்வாய்க்கிழமை காலையில வெளியூர் போறாரு. அது வரைக்கும் போதும். மெசேஜ் திங்கக்கிழமை வருது."

அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு நாள். இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு நாளைப் பற்றியதுதான், நான் நடுநடுவே என்னைப் பற்றிப் பேசினாலும்.

4

இனி அவளை நாற்பத்தாறு என்றும், அவள் கணவரை முதன்மை எண் என்றும் அழைக்கிறேன். பெயர் வைத்தால் அந்தப் பெயரில் யாராவது இருந்து தொலைப்பார்கள்.

நாற்பத்தாறுக்கு எதிரே எத்தனை கதவுகள் இருந்தன என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பூட்டுப் போட்டது என் எழுத்து.

அவள் எண்ணுக்கு மட்டும் இந்தச் செய்தியை நிறுத்தலாம். நிறுத்தினால், "உங்கள் குடும்பத் திட்டத்தில் ஓர் அறிவிப்பு நிறுத்தப்பட்டுள்ளது. நீங்கள் கோரவில்லை எனில் உடனே அழைக்கவும்" என்று முதன்மை எண்ணுக்குப் போகும். நான் எழுதியது, எட்டு வருடத்துக்கு முன்னால். அந்த "உடனே" தேவையில்லை என்று அப்போதே மிட்டாய் சொன்னாள்.

மறைவழியை அணைக்கலாம். அணைத்தால், "மகிழ்ச்சியான செய்தி! குடும்பக் காவல் மீண்டும் இயங்குகிறது" என்று முதன்மை எண்ணுக்குப் போகும். ஆச்சரியக்குறிகூட என்னுடையதுதான்.

அவளைக் குழந்தைப் பட்டியலிலிருந்து எடுக்கலாம். அதற்கு முதன்மை எண்ணின் சம்மதம் வேண்டும், அவர் போனுக்கு ஒரு ரகசிய எண் போகும், அதை அவர் சொல்ல வேண்டும்.

பெறுநரை மாற்றுவது ஒன்றுதான் சரியான வழி. மறுநாளே குழாயிடம் போனேன். விஷயத்தைச் சொல்லாமல், "பெரியவங்களையும் குழந்தைன்னு போட்டு வெச்சிருக்காங்க சார், செய்தி அவங்களுக்கே போகட்டுமே," என்றேன்.

"மாத்தலாம். சட்டப் பிரிவு பாக்கணும், கமிட்டி பாக்கணும். பதினஞ்சு நாள் ஆகும்."

"திங்கக்கிழமைக்குள்ள?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு?" என்றார்.

"பொதுவாத்தான் கேட்டேன்," என்று மென்று விழுங்கினேன். கேட்டிருக்கக் கூடாது. நாற்பத்தாறைக் காப்பாற்றக் கிளம்பி, அவளைப் பற்றித் தெரிந்தவர்கள் எண்ணிக்கையில் இன்னொருவரைச் சேர்த்துவிட்டேன்.

5

[இந்தப் பகுதியைத் தாண்டிப் போக விரும்புகிறவர்கள் போகலாம். இது என் வீட்டைப் பற்றியது. இல்லாமலும் கதை நடக்கும். ஆனால் இதை எழுதாமல் என்னால் அடுத்ததை எழுத முடியவில்லை.]

என் எண்ணும் குடும்பத் திட்டத்தில்தான் இருக்கிறது. முதன்மை எண் என் கணவருடையது. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவர், சாதுவான மனிதர். வியாழக்கிழமை சாயங்காலம், செய்தி எப்படிப் போய்ச் சேர்கிறது என்று பார்ப்பதற்காக, என் எண்ணைச் சோதனைப் பட்டியலில் சேர்த்து மறைவழியைப் போட்டேன். சோதனையில் ஏழு நாள் காத்திருக்கத் தேவையில்லை, உடனே வந்துவிடும்.

சாப்பிட உட்கார்ந்தபோது அவர் போன் டிங் என்றது. எடுத்துப் படித்தார்.

"குழந்தை எண்ணாம்ல," என்று சிரித்தார். "என்னடி, இந்த வயசுல என்ன மறைக்கிற?"

"ஆபீஸ் டெஸ்ட். நான் எழுதுனதுதான் அது."

"நல்லாத்தான் எழுதியிருக்க. படிச்சதும் சந்தேகம் வருது."

இரண்டு பேரும் சிரித்தோம். சாப்பிட்டு முடித்து நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது, மேசையில் கவிழ்த்து வைத்திருந்த என் போனை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். பிறகு டிவி போடப் போய்விட்டார்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் என் போனை அப்படிப் பார்த்ததில்லை. சாதுவான மனிதரை என் இரண்டு வரி அப்படிப் பார்க்கவைத்தது என்றால், வரி வரியாகப் பட்டியல் படிக்கிற மனிதரை என்ன செய்யும்? ஓடிப்போய் மறைவழியை அணைத்தேன். அவர் போன் மறுபடி டிங் என்றது. மகிழ்ச்சியான செய்தி.

(இந்தக் கதை எழுதுவதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அப்படியானால் அவர் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் வேறு.)

6

நான் செய்ததை இப்போது சொல்ல வேண்டும். இந்தக் கதை கம்பெனியில் யார் கையிலாவது கிடைத்தால் என் வேலை போவது இந்தப் பகுதியால்தான்.

செய்தியின் பெறுநரை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் வாசகத்தில் எழுத்துப் பிழை இருந்தால் யாரையும் கேட்காமல் நானே திருத்தலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரம், "பிழை திருத்தம்" என்ற பொத்தானை அழுத்தினேன். பழைய வாசகம் முழுவதையும் அழித்தேன். எண் போனது, குழந்தை போனது, மறைவழி போனது, ஏழு நாள் என்ற கணக்கும் போனது. புதிதாக இப்படி எழுதினேன்:

"அன்பு வாடிக்கையாளரே, உங்கள் திட்டத்தின் கூடுதல் சேவைகள் சில, சில நேரங்களில், சில அமைப்புகளைப் பொறுத்து மாறுபடலாம். நன்றி."

வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே கேவலமான வாக்கியம் அது, அதற்காக ஒரு மணி நேரம் உழைத்தேன். யாரும் இரண்டாவது முறை படிக்கக் கூடாது, முதல் முறையே பாதியில் விட்டுவிட வேண்டும் என்று கவனமாகப் பூசி மெழுகினேன்.

அனுப்பு என்பதை அழுத்துவதற்கு முன்னால் அந்த அம்மா ஞாபகத்துக்கு வந்தார். வேலை செய்யலன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றவர். அன்றிலிருந்து இந்தச் செய்தி போகப்போகும் வீடுகளில் நிஜமான குழந்தைகள் எத்தனை? நாற்பத்தாறுபோல எத்தனை? எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஒருத்தியின் ஒரு நாளுக்காக எல்லா அம்மாக்களிடமிருந்தும் அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை பழையபடி மாற்றிவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். கை நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பிறகு பயமாக இருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எந்தச் சத்தம் கேட்டாலும் திடுக்கிட்டேன்.

7

திங்கட்கிழமை.

10:04. முதன்மை எண்ணுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது.

10:31. முதன்மை எண்ணிலிருந்து உதவி மையத்துக்கு அழைப்பு. பதினான்கு நிமிடம்.

11:20. நாற்பத்தாறு தொடர்பிலிருந்து விலகியது.

கம்பெனிப் பதிவில் இருப்பது இந்த மூன்று வரிதான். மத்தியானம் எடுத்துப் பார்த்தேன். நான் பார்த்தது என் பெயரில் பதிவாகியிருக்கும்.

பதினான்கு நிமிடம் என்ன பேசினார்கள் என்று மிட்டாயிடம் கேட்டேன். அந்த நேரத்தில் அவள் வேறொரு அழைப்பில் இருந்திருக்கிறாள். எடுத்தவள் போன வாரம் சேர்ந்தவள்.

"அந்தாளு ரொம்ப மரியாதையாப் பேசினாராம்," என்றாள் மிட்டாய். வாயில் மிட்டாய் இல்லை. "ஒண்ணும் புரியலம்மா, கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கன்னு கேட்டிருக்காரு. இவ ஸ்க்ரீன்ல இருந்தத அப்படியே படிச்சுக் காட்டிட்டா. எந்த நம்பர், என்ன வசதி, எல்லாம்."

"எந்தத் தேதியிலேருந்துன்னு?"

"அது அவ ஸ்க்ரீன்ல வராது."

"நாம யாருகிட்டயாவது முன்னாடியே சொல்லி வெச்சிருக்கணும்."

"யாருகிட்ட, என்னன்னு சொல்றது அக்கா?"

புதியவள்மேல் தப்பே இல்லை. பழைய வாசகம் போயிருந்தால், முதன்மை எண் அதைப் படித்துக் கோபப்பட்டிருப்பார், அவளிடம் கேட்டிருப்பார், அவளும் ஆபீஸ் டெஸ்ட் மாதிரி எதையாவது சொல்லியிருப்பாள். நான் புரியாமல் எழுதியதால்தான் அவர் எங்களைக் கேட்டார். புரியாத வாக்கியத்தைப் பாதியில் விடுகிறவர்களை நினைத்து நான் எழுதினேன். அவர் வரி வரியாகப் படிக்கிறவர் என்று அவள் என்னிடம் சொல்லித்தான் இருந்தாள்.

11:20க்குப் பிறகு என்ன நடந்தது? கதாசிரியையாக எனக்கு மூன்று முடிவுகள் தெரிகின்றன.

முதல் முடிவு. அவர் போனில் பேசிக்கொண்டிருப்பதை அவள் கேட்டுவிடுகிறாள். ஒரு நாள் முன்னதாகவே, பையைக்கூட எடுக்காமல், கடைக்குப் போவதுபோல வெளியே நடக்கிறாள். முனை திரும்பியதும் சிம்மைக் கழற்றிச் சாக்கடையில் போடுகிறாள். இதை எழுதும்போது நான் வேகமாக எழுதினேன், வாக்கியம் எல்லாம் தானாக வந்தது. தானாக வந்ததாலேயே நம்ப முடியவில்லை.

இரண்டாவது முடிவு. அத்தான் செய்ததுபோல அவரும் போனை வாங்கி அணைத்து பீரோவில் வைக்கிறார். பிறகு வெளியூர்ப் பயணத்தை ரத்து செய்கிறார். பிறகு கதவை

மூன்றாவது முடிவு. சார்ஜ் தீர்ந்துவிட்டது. (சிரிக்காதீர்கள். திங்கள் மத்தியானம் முழுவதும் இந்த முடிவைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.)

இரண்டாவது முடிவில் ஒரு வாக்கியம் பாதியில் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். முடித்துப் பார்த்தேன், அழித்துவிட்டேன். அதை எழுதிய விரல்களும், அந்தச் செய்தியை எழுதிய விரல்களும் ஒன்றுதான்.

8

இங்கேதான் முடிக்க இருந்தேன். மூன்று முடிவுகளையும் உங்கள்முன் வைத்துவிட்டு, கை கழுவிவிட்டுப் போயிருப்பேன். இந்த மாதிரிக் கதைகளில் அது செல்லும். ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை 5:10க்கு ஒரு புகார் வந்தது. செய்தியின் வாசகம் பற்றிய புகார் என்பதால் நேரே என் மேசைக்கு வந்தது.

"ஐயா / அம்மா, தங்கள் நிறுவனம் அனுப்பிய செய்தி தெளிவாக இல்லை. என் குடும்பத் திட்டத்தின் இரண்டாவது எண்ணில் மேற்படி வசதி எந்தத் தேதியில் முதன்முதலில் இயக்கப்பட்டது என்பதைத் தெரிவிக்கவும். அந்தச் செய்தியை எழுதியவர் யார் என்பதையும் அறிய விரும்புகிறேன். நன்றி."

பிழை ஒன்றுகூட இல்லை. என்னைவிட நன்றாக எழுதுகிறார். படித்ததும் பயம் வந்தது, ஆனால் கூடவே ஒரு சின்ன சந்தோஷமும் வந்தது. தேதி தெரிய வேண்டுமென்றால் அவளையே கேட்டிருக்கலாமே. எங்களைக் கேட்கிறார் என்றால் அவள் அங்கே இல்லை. முதல் முடிவுதான் நடந்திருக்கிறது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது இன்னொன்று தோன்றியது. அவள் அங்கேயே இருக்கிறாள், கேட்டார், சொல்லவில்லை. அதனாலும் எங்களைக் கேட்கலாம்.

எதுவாக இருந்தாலும் அந்தத் தேதியில்தான் எல்லாம் இருக்கிறது. அன்று அவள் அக்கா வீட்டில் இருந்தாள். தேதி கையில் கிடைத்தால், அவர் அன்று அவள் எங்கே போயிருந்தாள் என்று யோசிப்பார், அடுத்த நிமிடம் வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்பார். அவள் அங்கே இருக்கலாம். இல்லாவிட்டாலும் அக்காவுக்கும் அக்கா மகளுக்கும் அவள் போன இடம் தெரிந்திருக்கலாம். அத்தான் எந்தப் பக்கம் நிற்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பதில் போடாமல் இருந்துவிடலாம் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் ஆள் பதில் போடாவிட்டால், கம்ப்யூட்டரே பதிவில் உள்ளதை அப்படியே எடுத்து முதன்மை எண்ணுக்கு அனுப்பிவிடும். தேதி, நேரம், அப்போது அந்தப் போன் எந்தப் பகுதியின் டவரில் இருந்தது என்பது வரைக்கும். குழாயிடம் கேட்டேன், அதை நிறுத்த முடியாதா என்று. அவர் இந்த முறை யாருக்கு என்று கேட்கவில்லை. "ஆள் எழுதிட்டா சிஸ்டம் எழுதாது," என்றார். "நீங்க என்ன எழுதுனீங்கன்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் ஆடிட்ல பாப்பாங்க." பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆகவே நான் எழுத வேண்டும். ஒரு பொய்த் தேதி. வருடக்கணக்கில் முந்தையதாகப் போட்டால் நம்ப மாட்டார், ஒன்றாம் தேதி பட்டியல்கள் எல்லாம் அவரிடம் இருக்கின்றன, அவை வெறுமையாக இல்லை. அவள் தனியாக இருந்த நாளாகப் போட வேண்டும். யாரையும் பார்க்காத, எங்கேயும் போகாத, யார் வீட்டு வாசலையும் காட்டிக்கொடுக்காத நாள். அப்படி ஒரு நாள் அவள் வாழ்க்கையில் எது என்று எனக்குத் தெரியாது. நான் அவளோடு பேசியது பதினொரு நிமிடம். நான் குத்துமதிப்பாகப் போடும் தேதியில் அவள் ஒரு தோழியைப் பார்க்கப் போயிருந்தால், அவர் அந்தத் தோழி வீட்டுக் கதவைத் தட்டுவார். கதையில் என்றால் அடித்துவிட்டு வேறு தேதி போடலாம்.

இன்று புதன்கிழமை, மணி 4:48. பழைய வாசகத்தை மறுபடி போட்டுவிட்டேன், அந்த அம்மாவுக்காக. பெறுநர் பற்றிய மனுவைக் கமிட்டிக்கு அனுப்பிவிட்டேன். எழுதியவர் யார் என்ற கேள்விக்கு என் பெயரைப் போட்டுவிட்டேன். அதுவாவது உண்மையாக இருக்கட்டும், தேடி வந்தால் என்னிடம் வரட்டும். தேதி மட்டும் பாக்கி.

முடிவை உங்களிடம் விடுகிறேன் என்று சொன்னால் வழக்கமான சாமர்த்தியம் என்று நினைப்பீர்கள். நிஜமாகவே கேட்கிறேன், ஒரு தேதி சொல்லுங்கள். இருபத்திரண்டு நிமிடம் இருக்கிறது. எந்தத் தேதி வேண்டுமானாலும் சொல்லுங்கள், உண்மையான தேதியை மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை மாற்றித்தான் எழுதினேன் என்று முதலில் சொன்னேன். எல்லா இடத்திலும் மாற்றினேனா, எங்கேயாவது விட்டுவிட்டேனா என்று இந்தக் கதையை முதல் வரியிலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன்.